மழைக்கு முன் முதலுதவிப் பெட்டி: தரைத்தளத்து வீட்டுக்கு என்னென்ன வேணும்?

கேள்வி — 4 அக்டோபர் 2025, காலை 10.20

நாங்க சென்னைல தாம்பரம் பக்கம் முடிச்சூர், தரைத்தளம். மாமியார் இன்சுலின் போடுறாங்க. பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் பண்ணப்ப பழைய முதலுதவி டப்பா கிடைச்சது, உள்ளே எல்லாமே காலாவதி. ஆன்லைன்ல "நூறு பொருள் அடங்கிய பெட்டி"ன்னு ஒண்ணு பார்த்தேன். அதை வாங்கி வச்சா இந்த மழைக்குப் போதுமா அக்கா?

4 அக்டோபர், இரவு 9.45

போதாது. அந்த நூறுல பெரும்பகுதி குட்டிக் குட்டி பிளாஸ்டரும் ஸ்பிரிட் தடவின காகிதமுமாத்தான் இருக்கும்.

நான் தாம்பரம் பக்கம் ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட். 2015 டிசம்பர் வெள்ளத்தப்பவும், 2023 மிக்ஜாம் புயலப்பவும், தண்ணி வடிஞ்சு ஷட்டரைத் தூக்கினதும் வந்தவங்க யாரும் முதல்ல பேண்டேஜ் கேட்கலை. பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, குழந்தையோட இன்ஹேலர், இன்சுலின். சீட்டு தண்ணியோட போயிருக்கும். "வெள்ளையா, சின்னதா இருக்கும்மா, காலைல ஒண்ணு"ன்னு ஒரு பெரியவர் கவுண்டர்ல கையை ஊன்றி நின்னார். கடைல இருக்கிற மாத்திரைல பாதி வெள்ளையா, சின்னதாத்தான் இருக்கு. எதை எடுத்துக் கொடுக்கிறது? வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா திரும்ப ஃபிட்ஸ் வந்துடும். பிரஷர் மாத்திரையிலயும் சிலதைச் சட்டுனு நிறுத்தக் கூடாது.

அதனால வீட்ல தினமும் யார் எந்த மாத்திரை சாப்பிடுறாங்களோ, அதுதான் பெட்டில முதல் பொருள். பத்து நாளைக்கு எப்பவும் கூடுதலா இருக்கணும். மாத்திரையோட பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, இதையெல்லாம் பால்பாயின்ட் பேனாவால ஒரு தாள்ல எழுதி பிளாஸ்டிக் உறைல போடுங்க. போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்வாங்க. மூணாம் நாள் சார்ஜ் இருக்காது.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல மாத்திரை வாங்குறவங்க, மழைக்காலம் முடியிற வரைக்கும் தீர்ந்த பிறகு கேட்போம்னு இருக்காதீங்க. வீட்டுக்கு வர்ற சுகாதாரத் தன்னார்வலர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

5 அக்டோபர், மதியம் 2.10

ரெண்டா பிரிச்சு யோசிங்க. வீட்லயே இருக்கிறது பெட்டி. வீட்டை விட்டுக் கிளம்பணும்னா தூக்கிட்டு ஓடுறது பை. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ரெண்டுமே உதவாது. பையைப் பத்தி அப்புறம் எழுதுறேன், இன்னிக்குப் பெட்டி.

மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே:

ஸ்டெரைல் காஸ் துணி, தனித்தனி உறைல வர்றது. ரோலர் பேண்டேஜ் ரெண்டு அகலத்துல. கிரேப் பேண்டேஜ் (இழுத்தா நீளுற துணிப்பட்டை) குறைஞ்சது ரெண்டு, ஒண்ணு போதாது. மைக்ரோபோர் டேப். பீட்டாடின் ஆயின்மென்ட். நல்ல கத்தரிக்கோல், முனை மழுங்கின சாமணம். கையுறை நாலு ஜோடி. டிஜிட்டல் தெர்மாமீட்டர். பாராசிட்டமால். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. குழந்தைக்கு ஜிங்க். ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, முக்கோணமா வெட்டி மடிச்சு வைங்க. கை ஒடிஞ்சா தொட்டில் கட்ட அதை விட நல்லது எதுவும் கடைல இல்லை.

பஞ்சு வேண்டாம். காயத்துல வச்சா நூல் நூலா ஒட்டிக்கும், அப்புறம் பிய்க்கும்போது மறுபடி ரத்தம் வரும்.

ரத்தம் கொட்டினா பெட்டியைத் தேடி ஓடுறதுக்கு முன்னாடி கைல கிடைச்ச சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. பத்து நிமிஷம், நடுவுல தூக்கிப் பார்க்காம. எட்டிப் பார்த்துப் பார்த்தே ரத்தத்தை உறைய விடாம பண்றவங்க நிறைய பேர்.

5 அக்டோபர், இரவு 8.30

மேல பஞ்சே வேண்டாம்னு சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துறேன். காஸ் துணிக்கு மேல கனமா வச்சுக் கட்ட, அடிபட்ட கைக்கும் கட்டைக்கும் நடுவுல மெத்தை மாதிரி வைக்க, பஞ்சு உதவும். புண் மேல நேரா வேண்டாம், அவ்வளவுதான்.

பெட்டில இருக்கக் கூடாததையும் சொல்லணும். காப்பித்தூள், பேனா மை, டூத் பேஸ்ட். வெட்டுக்காயத்துல காப்பித்தூளை அப்பிக்கிட்டு வர்ற பிள்ளைங்களை நான் இன்னும் பார்க்குறேன். டாக்டர் தையல் போடுறதுக்கு முன்னாடி அதை ஒவ்வொரு துகளா கழுவி எடுக்கணும். பாவம், அந்தக் கழுவலுக்குத்தான் குழந்தை அதிகமா அழும். குழாய்த் தண்ணில நல்லாக் கழுவிட்டு, காஸ் வச்சுக் கட்டிக் கூட்டிட்டு வந்தாலே போதும். டிடி ஊசி எப்ப போட்டதுன்னும் அந்தத் தாள்ல எழுதி வைங்க.

6 அக்டோபர், காலை 7.15

இருமல் சிரப் வைக்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. இந்த வாரம் எல்லாருக்கும் மனசுல இருக்கிற கேள்வி அது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரால இருமல் சிரப் குடிச்சு அத்தனை குழந்தைங்க போயிடுச்சு. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கிற விஷம். மருந்துக்கடைல நிக்கிற எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கலை.

பதில்: வேண்டாம். ரெண்டு வயசுக்குக் கீழே சளி, இருமல் மருந்தே கொடுக்கக் கூடாது, அஞ்சு வயசுக்குள்ளயும் பொதுவா தேவையில்லைன்னு மத்திய அரசோட அறிவுறுத்தலே வந்திருக்கு.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் வைங்க. ஆனா பாட்டில்ல இருக்கிற எண்ணைப் பாருங்க. 5 மில்லில 120 இருக்கும், 250-ம் இருக்கும். சொட்டு மருந்துன்னா 1 மில்லிலயே 100. பெரியவனோட பாட்டிலை எடுத்துச் சின்னவளுக்கு அதே மூடி அளவு ஊத்தினா அளவு இரட்டிப்பாயிடும். குழந்தையோட எடையைச் சொல்லி டாக்டர்கிட்ட அளவு கேட்டு, பாட்டில் மேலேயே டேப் ஒட்டிப் பெயரையும் அளவையும் எழுதிடுங்க.

8 அக்டோபர், இரவு 10.05

இன்சுலினைத் தனியா எழுதணும்னு வச்சிருந்தேன்.

மிக்ஜாமுக்குப் பிறகு சில தெருவுக்கு மூணு நாலு நாள் கரண்ட் இல்லை. பக்கத்துத் தெரு அம்மா, ஃப்ரிட்ஜ் நின்னு போச்சேன்னு பயந்து, ஐஸ் வாங்கி இன்சுலின் பாட்டிலை அதுக்குள்ளேயே புதைச்சு வச்சிருந்தாங்க. உறைஞ்சு போச்சு. உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, தூக்கித்தான் போடணும். வெளியவே வச்சிருந்தா அந்தப் பாட்டில் தப்பிச்சிருக்கும்.

ஏன்னா, திறந்து உபயோகத்துல இருக்கிற பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே பொதுவா நாலு வாரம் தாங்கும், வெயிலும் சூடும் படாம இருந்தா. எத்தனை டிகிரிக்குள்ளன்னு அட்டைலயே போட்டிருக்கும், பாருங்க. திறக்காத பாட்டிலுக்குத்தான் 2-லேர்ந்து 8 டிகிரி வேணும்.

பானை வழி நிறைய பேருக்குத் தெரியும். பெரிய மண்பானை, அதுக்குள்ள சின்ன மண்பானை, நடுவுல ஈர மணல், மேல ஈரத் துணி. அக்னி நட்சத்திரத்துல நல்லா வேலை செய்யும். மழை நாள்ல காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும், தண்ணி ஆவியாகாது, அதனால பானை பெருசா குளிராது. ஆனா டிசம்பர் மழைல சென்னை வீட்டுக்குள்ள சூடும் குறைவுதான், திறந்த பாட்டிலுக்கு அது போதும். திறக்காததுக்கு ஐஸ் டப்பா. ஐஸை ஒரு கவர்ல கட்டி, மேல தடிமனா துண்டைச் சுத்தி, பாட்டில் ஐஸைத் தொடாம வைங்க.

இன்னொண்ணு, இதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க. வெள்ளத்துல சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. ஊசியை மட்டும் வழக்கம் போல போட்டா சர்க்கரை இறங்கிடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறல். மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சு உடனே குடிக்கக் கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும், 108-ஐக் கூப்பிடுங்க. அதனால மாமியார் பெட்டில குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட்டும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் கண்டிப்பா இருக்கணும். சாப்பாடு குறையும்போது ஊசி அளவை எப்படிக் குறைக்கிறதுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வாங்கிடுங்க. மழை நாள்ல கிளினிக் இருக்காது.

11 அக்டோபர், மாலை 6.40

பாம்புக்கு என்ன வைக்கிறதுன்னு மண்ணிவாக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டார். ஏரிக்கரைல வீடு, கேட்காம எப்படி இருப்பார்.

பெட்டில வைக்கிற மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. விஷமுறிவு மருந்து ரத்தக்குழாய் வழியா ஆஸ்பத்திரில மட்டும்தான் ஏத்த முடியும், அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தரும், அதைச் சமாளிக்க டாக்டர் பக்கத்துல வேணும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கிற விஷத்துல பெரும்பங்கு நம்ம மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில, இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறது. 1978-லேர்ந்து இருக்கிற சங்கம். நாட்டுல எந்த மூலையில யார் பிழைச்சாலும் அவங்க கைக்கும் அதுல பங்கு உண்டுன்னு நான் எப்பவும் நினைப்பேன்.

கயிறு கட்டக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாம கட்டை வச்சு, கிரேப் பேண்டேஜைத் தளர்வா சுத்தி, நடக்க விடாம கொண்டு போங்க. மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கயிறு எல்லாத்தையும் முதல்லயே கழட்டிடுங்க, வீங்கின பிறகு கழட்ட முடியாது. ரெண்டு கிரேப் பேண்டேஜ் கேட்டது இதுக்கும் சேர்த்துத்தான்.

12 அக்டோபர், காலை 6.50

நேத்து விட்டது. கட்டுவிரியன் ராத்திரில கடிக்கும், பெரும்பாலும் வலியே இருக்காது, பல் தடம் கண்ணுக்குத் தெரியாது. தரைல படுத்தவங்க விடியக்காலைல வயித்து வலின்னு எழுந்து, இமை தானா மூடிக்கிட்டா, சோடா குடிச்சுப் பார்ப்போம்னு உக்காராதீங்க. கிளம்புங்க. வெள்ளம் வடிஞ்ச வீட்ல தரைல படுக்காதீங்க. வேற வழி இல்லைன்னா கொசுவலையைப் பாய்க்கு அடில செருகிட்டுப் படுங்க.

17 அக்டோபர், இரவு 9.20

நேத்து வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சாச்சு. ஓஆர்எஸ் வாங்கிட்டீங்களா?

இந்த வாரம் நல்ல செய்தி ஒண்ணு வந்திருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட கலவை அளவுல இல்லாத எந்தப் பானத்துலயும் ஓஆர்எஸ்ங்கிற பெயரைப் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதுக்காக வருஷக்கணக்கா போராடினாங்க. டப்பால ஸ்ட்ரா போட்டு வர்ற ஆப்பிள் ருசி, ஆரஞ்சு ருசிப் பானத்தைப் பேதியாகிற குழந்தைக்கு அம்மாக்கள் நம்பி வாங்கிட்டுப் போவாங்க. சர்க்கரை அதிகமாச்சுன்னா பேதி இன்னும் கூடும். "இது அது இல்லைங்க"ன்னு நான் சொன்னா, இதுதான் குழந்தை குடிக்கும்னு பதில் வரும். இனி அந்த வாக்குவாதம் குறையட்டும்.

பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணிக்குன்னு போட்டிருந்தா முழு லிட்டர்லதான் கரைக்கணும். பாதிப் பாக்கெட், அரை லிட்டர்னு கணக்குப் போடாதீங்க, தூள் சமமா பிரியாது. 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடுங்க. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் 50-லேர்ந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு, மட்டமா வழிச்ச ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூட ஜிங்க் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க.

தண்ணி கொதிக்க வச்சதா இருக்கணும். வெள்ளம் வந்த தெருவுல சம்புத் தண்ணியை நம்பவே நம்பாதீங்க, சாக்கடை அதுக்குள்ள வந்திருக்கும்.

19 அக்டோபர், மதியம் 12.30

நாளைக்குத் தீபாவளி. பட்டாசு வைக்கிற இடத்துல ஒரு வாளித் தண்ணி. சுட்டா குழாய்க்கு அடில இருபது நிமிஷம் காட்டுங்க, ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால மூடிக் கூட்டிட்டுப் போங்க. நைலான் பட்டுப்பாவாடை வேண்டாம், பருத்தி போடுங்க.

22 அக்டோபர், இரவு 10.40

இப்ப பை. நேத்துலேர்ந்து மழை விடலை, இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது.

ஆளுக்கு மூணு நாள்னு கணக்கு வைங்க. குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி வேணும். அவ்வளவையும் தூக்க முடியாது, வீட்ல கேன்ல மேல ஏத்தி வைங்க, பைல ஆளுக்கு ஒரு பாட்டில். சாப்பிட அடுப்பு தேவைப்படாததா எடுங்க: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, பிஸ்கட். பால் பவுடர் முக்கியம். 2015-லயும் 2023-லயும் ஒரு பாக்கெட் பாலுக்கு ஜனங்க எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பிஸ்கட்டை மட்டும் ஒளிச்சு வைங்க. என் நாத்தனார் வீட்ல முதல் இடி இடிக்கிறதுக்குள்ள பசங்க அவசரகாலப் பிஸ்கட் மொத்தத்தையும் முடிச்சுட்டாங்க.

நாப்கின், குழந்தைக்கு டயபர், கொசுவர்த்தி, பவர் பேங்க், டார்ச், கூட பேட்டரி, விசில். மொட்டை மாடில இருந்து படகுக்காரங்களைக் கூப்பிடக் குரல் எட்டாது, விசில் எட்டும்.

பணம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். பணமதிப்பு நீக்கம் வந்து அஞ்சு வாரம்தான் ஆகியிருந்தது. கைல நோட்டு இல்லை, கார்டு போடலாம்னா கரண்ட் இல்லை, மெஷின் இல்லை. எங்க கடைல அன்னிக்கு முழுக்கக் கடன் நோட்டுதான். இப்ப எல்லாரும் ஜிபே-ல வாழுறோம். டவர் போச்சுன்னா அதே நிலைமைதான். பத்து, இருபது, ஐம்பது, நூறு நோட்டா கொஞ்சம் ஜிப் கவர்ல போடுங்க. 500 நோட்டுக்கு அன்னிக்கு யாரும் சில்லறை தர மாட்டாங்க.

23 அக்டோபர், காலை 11.00

ஆவணம் எல்லாம் டிஜிலாக்கர்ல இருக்கே, எதுக்குப் பைல சுமக்கணும்னு கேள்வி. அங்க இருக்கட்டும், நல்லதுதான். ஆனா டிஜிலாக்கர்ல வராதது இருக்கு. பழைய பத்திரம், நகைக்கடன் சீட்டு, மாமியாரோட ஆஸ்பத்திரி ஃபைல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆவணம் தொலைஞ்சவங்களுக்காக அரசு தனி முகாமே நடத்த வேண்டி வந்தது. ரேஷன் கார்டு கைல இருக்கணும். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாத்தான் கொடுத்தாங்க.

26 அக்டோபர், மாலை 5.25

கால். வெள்ளத்துக்குப் பிறகு கடைல அதிகமா விக்கிறது சேத்துப்புண் மருந்து. விரலிடுக்கு வெந்து, வெள்ளையாகி, பிளந்துக்கும். சர்க்கரை உள்ளவங்களுக்கு அங்கதான் பெரிய ஆபத்து ஆரம்பிக்குது, உணர்ச்சி குறைஞ்ச கால்ல ஆணி குத்தினாலும் தெரியாது. மாமியாரைத் தண்ணில இறக்காதீங்க. இறங்கித்தான் ஆகணும்னா மூடின ஷூ. வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொண்ணா துடைச்சு, பாதத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. க்ளோட்ரிமசோல் பவுடர் ஒரு டப்பா பெட்டில சேருங்க.

எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் வாங்கி வைக்கலாமான்னு கேட்டவருக்கு: 2018 கேரள வெள்ளத்துல தண்ணில இறங்கினவங்களுக்கு வாரத்துக்கு 200 மில்லிகிராம் கொடுத்தது உண்மை. ஆனா அது கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் ஆகாது. முகாம்ல டாக்டர் பார்த்துக் கொடுத்தா சாப்பிடுங்க. சீட்டு இல்லாம கேட்டா நான் தர மாட்டேன். தண்ணில இறங்கின பிறகு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா, வெள்ளத்துல நடந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா அவருக்குத் தெரியாது.

அதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும். காய்ச்சல்னா பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். "அந்தச் செவப்பு வலி மாத்திரை கொடுங்க"ன்னு கேட்கிறவங்களோட தினம் இதே பேச்சுதான் எனக்கு.

28 அக்டோபர், இரவு 8.15

ஆஸ்பிரின் வேண்டாம்னு சொன்னதைப் படிச்சுட்டு, இதயத்துக்காகத் தினமும் அதைச் சாப்பிடுறவர் ஒருத்தர் பயந்து கேட்டிருக்கார். நீங்களா நிறுத்தாதீங்க ஐயா. நான் சொன்னது காய்ச்சலுக்கும் வலிக்கும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அன்னிக்கே உங்க டாக்டரைக் கேளுங்க.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரையைப் பெட்டில பொதுவா வைக்காதீங்க. யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கோ அவங்களுக்கு மட்டும், உக்கார வச்சுக் கொடுக்கணும். பிரஷர் தடால்னு இறங்கும். தெருவெல்லாம் தண்ணின்னா பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல்ல போங்க. 2023-லேர்ந்து "இதயம் காப்போம்" திட்டத்துல அங்கேயே முதல் டோஸ் மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

2 நவம்பர், காலை 9.10

முடிச்சூர்ல இருந்து நேத்து பதில் வந்திருக்கு: எல்லாம் வாங்கியாச்சு, பையை வைக்க மாடி வீட்லயும் பேசியாச்சு, பெட்டியைச் சாமி ரூம் அலமாரில வைக்கச் சொல்றாங்க மாமியார், சரியா? அலமாரியோட மேல் தட்டுன்னா சரி. கீழ்த் தட்டுன்னா முதல் தண்ணி அதுக்குத்தான். சமையலறை வேண்டாம், சூடு. குளியலறை வேண்டாம், ஈரம். பூட்டாதீங்க, ஆனா சின்னவளுக்கு எட்டாம இருக்கணும்.

மூடியோட உள்பக்கம் நம்பர் ஒட்டுங்க: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிஞ்சா 1906. தண்ணி வாசப்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை அணைச்சு, சிலிண்டரை மூடிட்டுக் கிளம்புங்க. இன்வெர்ட்டர் பேட்டரி தரைல இருந்தா இந்த வாரமே மேல ஏத்துங்க.

பையை இப்பவே மாடி வீட்ல கொடுத்து வைங்க, அவங்ககிட்ட பேசினதா எழுதியிருந்தீங்களே. கடைசி நிமிஷத்துல கைல எடுக்க வேண்டியது ஃப்ரிட்ஜ்ல இருக்கிற இன்சுலின் ஒண்ணுதான். அதை யார் எடுக்கிறதுன்னு ஒருத்தர் பெயரை முடிவு பண்ணிக்குங்க. மாமியார் எடுப்பாங்கன்னு நீங்களும், நீங்க எடுப்பீங்கன்னு அவங்களும் மேல ஏறிடக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு துணிப்பை மாட்டி விடுங்க, அதுலயே ஊசியும் ஸ்பிரிட்டும் இருக்கட்டும்.